நோராவின் மூன்று கதிரைகள்

வேரோனிக்கா வேலை முடிந்து வந்து முன்கதவைத் திறந்தபோது, காலையில் அவள் மேசைக்குள் தள்ளிவிட்டுப் போன கதிரைகளில் மூன்று வெளியே இழுபட்டுக் கிடந்தன. கொஞ்சந்தான். ஒரு ஆள் இருந்துவிட்டு எழும்புகிற அளவுக்கு. நாலாவது கதிரை மட்டும் தள்ளியபடியே இருந்தது.

வீட்டில் ஒருவரும் இல்லை. கணவன் யேசுரட்ணம் விடிவதற்கு முன்பே போய்விட்டான்; அவனுக்கு இன்றைக்கு இரண்டு வேலை. பார்க்டேலில் இருக்கும் இந்தப் பழைய வீட்டின் சொந்தக்காரி மிஸ் நோரா, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மேல்மாடியில் வாடகைக்கு இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். காற்று என்று சொல்லலாம் என்றால், யன்னல் எல்லாம் பூட்டு.

"இவர்தான் சப்பாத்துப் போட இருந்திருப்பார்," என்று வாய்விட்டே சொன்னாள். மூன்று கதிரையில் மாறி மாறி இருந்து சப்பாத்துப் போடுகிற மனிதன் யேசுரட்ணம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். முன்னறை முழுக்க, மழையில் நனைந்த கம்பளிக் கோட்டைக் காயப் போடாமல் சுருட்டி வைத்ததுபோல ஒரு மணம் நின்றது. கதிரைகளை முழங்காலால் இடித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

காலையிலிருந்தே அவளுக்கு எரிச்சல். நவம்பர் பதினொன்று என்றால் இந்த நகரத்துக்கு என்ன வருகிறதோ தெரியாது. ஸ்ரீட்காரில் ஏறினால், செத்த பட்டாளக்காரரை நினைத்து ஒவ்வொருவர் கோட்டிலும் குத்தின சிவப்புப் பூ. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அவளுடைய குசினியில், சூப்பவைசர் கையைத் தட்டி, தட்டுகள் ஓடுகிற பெல்ற்றை நிறுத்தினான். இரண்டு நிமிடம் எல்லோரும் மௌனமாக நின்றார்கள். கையில் உறையோடு, தலையில் வலைத்தொப்பியோடு, பாதி கட்டிய கோழிக்கறித் தட்டுக்கு முன்னால் அவளும் நின்றாள். எழுபத்தாறு வருடத்துக்கு முதல் முடிந்த உலகச் சண்டை. யாரும் முகம் பார்த்திராத பொடியன்கள். அவர்களுக்காக ஒரு நகரமே தலையைக் குனிகிறது. அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான். அதற்கு நல்ல பெயர் ஒன்று தேடி வைக்க அவள் மினைக்கெடவில்லை.

அவளுடைய தம்பி பஸ்ரியன், போன வருடம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு கிளாலியில் இரவு வள்ளம் ஏறியவன். அந்த இரவு கடலில் வெடிச்சத்தம் கேட்டது என்றார்கள். பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு மனிதரும் இல்லை. பாசையூரில் அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். பிள்ளையைக் காணவில்லையே தவிரச் செத்ததென்று யாரும் சொல்லவில்லை. உடல் காணாத பிள்ளையின் ஆத்துமத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினால் நாங்களே அவனைக் குழிக்குள் இறக்கின மாதிரி. என்ர வீட்டில் ஒருவரும் அதைச் செய்யக் கூடாது என்பது அவள் கட்டளை. ஆத்துமாக்கள் திருநாளன்று கோயிலில் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த அன்ரனெற் தகப்பனுக்கு ஒன்று, மாமனுக்கு ஒன்று என்று திரி திரியாகக் கொளுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். வேரோனிக்கா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். செத்தவர்களை வைத்திருக்கிறவர்களைப் பார்த்துக்கூடப் பொறாமைப்படுகிற நிலைக்குத் தான் வந்துவிட்டதை நினைத்து அன்றைக்கு இரவு அழுதாள்.

இதற்கு மேலே மிஸ் நோராவின் கதை வேறு.

நோரா சிறு பெண்ணாக இருந்தபோது அவளுடைய தாய் இந்த வீட்டில் அயர்லாந்திலிருந்து வருகிற பொடியன்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவள். நோராவின் அண்ணன் தொம், அவனோடு ஒரே ஊரிலிருந்து வந்த டான், மைக்கல். மூன்று பேரும் ஒன்றாகத்தான் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். சண்டை முடிந்ததென்று மணி அடித்த அன்றைக்கு இந்தத் தெருவே ஆடியது. நோராவும் தாயும் ஆடினார்கள். இனி வந்துவிடுவார்கள் என்று மூன்று கதிரையை இழுத்துப் போட்டு, மூன்று கோப்பை கழுவி வைத்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் தந்தி வந்தது. மூன்று பேரும் கடைசிக் கிழமையில், ஒரே சேற்றுக்குள். இவர்கள் ஆடிக்கொண்டிருந்த நேரம் அவர்கள் செத்துப் போயிருந்தார்கள். உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், பொழுது பட, நோரா யன்னலில் திரி கொளுத்தி, கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டு, மூன்று கதிரை இழுத்து, மூன்று கோப்பை தேத்தண்ணி வைப்பாள். சுவரில் மூன்று பேரும் தோளில் கைபோட்டு நிற்கிற படம். அதன் கண்ணாடியில் தூசி ஒட்ட அவள் விட்டதில்லை.

போன ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிழவி வேரோனிக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இந்த வருடம் நீ செய்ய வேண்டும் என்றாள். "மூன்று கதிரை. குறையக் கூடாது, கூடவும் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லை. இடம் இருந்தால் வந்து இருப்பார்கள். திரி முடிந்ததும் போய்விடுவார்கள்." வேரோனிக்கா தலையாட்டினாள். கிழவியின் கை எலும்பும் தோலுமாக இருந்தாலும் பிடி பலமாக இருந்தது.

இப்போது வெளியே நன்றாக இருட்டிவிட்டது. இந்த ஊர் நவம்பரில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. அவள் கோட்டைக் கழற்றிவிட்டு, நோரா சொன்ன தடித்த வெள்ளைத் திரியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

மூன்று கதிரைகளும் மறுபடியும் வெளியே கிடந்தன.

பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு அதற்கு முன்னால் வந்தது கோபம். பார், எவ்வளவு உரிமை! கூப்பிடவே தேவையில்லை, தாங்களாகவே கதிரை இழுத்துப் போடுகிறார்கள். ஊர் முழுக்க பூ, குசினியில் மௌனம், யன்னலில் திரி, போதாக்குறைக்கு வேரோனிக்காவின் கையால் தேத்தண்ணி. என்ர தம்பிக்கு என்ன இருக்கு? ஒரு திரிக்கு வழியில்லை. அவனும் தண்ணிக்குள்ளதானே கிடக்கிறான். அவனுக்கும் உடல் இல்லைதானே.

அவள் மேலே போய், தலையணைக்கடியில் வைத்திருக்கிற பஸ்ரியனின் பாஸ்போட் அளவுப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று கதிரைகளையும் உள்ளே தள்ளினாள். நாலாவதை, யாரும் இழுக்காத அந்தக் கதிரையை, வெளியே இழுத்தாள். திரியை யன்னலில் நிறுத்தி, படத்தை அதில் சாய்த்து வைத்தாள். சுவரிலிருந்த மூன்று பேரின் படத்தை முகம் உள்ளே போகத் திருப்பி மாட்டினாள். நெருப்புக்குச்சி முதல் இரண்டு தரமும் அணைந்தது. மூன்றாந்தரம் பற்றியது.

"நீங்கள் எழுபது வருசமா இருந்திட்டியள்," என்றாள் சுவரைப் பார்த்து. "இண்டைக்கு வெளியில நில்லுங்கோ."

பிறகு முன்கதவைத் திறந்து, நிலையில் கையை வைத்துக்கொண்டு, பாசையூர் வீட்டில் கடற்கரைப் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"பஸ்ரியன்! தேத்தண்ணி ஊத்திறன். வாடா தம்பி!"

தெருவில் ஒருவரும் இல்லை. மேப்பிள் சருகுகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. தூரத்தில் ஸ்ரீட்கார் ஒன்று தண்டவாளத்தில் கீச்சிட்டுத் திரும்பியது. அம்மாவின் சொல்லை மீறிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவை மெல்லச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை.

பின்குசினியில் கேத்திலை வைத்துவிட்டு, யேசுரட்ணத்தின் சிநேகிதன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்துச் சாசரில் வைத்தாள். கேத்தில் முனகத் தொடங்கியது. அந்த முனகலுக்குக் கீழே, வெளி விறாந்தைப் பலகையில், கனத்த சப்பாத்துகள் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒரு சோடி இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறி, கதவுக்கு வெளியே வந்து, நின்றன. கேத்திலை அணைத்தாள். வெளியே மூச்சு வாங்குகிற சத்தம். நனைந்த துணி உரசுகிற சத்தம்.

பிறகு கதவு திறந்தது.

உள்ளே வந்தது ஒரு ஆள்தான். முதல் இரண்டு அடியும் சப்பாத்துச் சத்தம். மூன்றாவது அடியில் அது மாறியது. வெறுங்கால். ஈர வெறுங்கால் பலகையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். கதிரை கொஞ்சம் கிறீச்சிட்டது. யாரோ இருந்தார்கள்.

அவளுடைய கண் நிறைந்து வழிந்தது. தம்பிதான், வேறு யார் வெறுங்காலோடு வருவான்? தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி, பனங்கட்டிச் சாசரோடு எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

முதுகு தெரிந்தது. அவள் கண்ட கடைசி நாளில் அவன் போட்டிருந்த நீலச் சேட். விரிந்து நிற்கிற அந்தக் காதுகள். சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக் கதிரைக்குக் கீழே கறுப்பாகத் தேங்கியது. அவள் கோப்பையை அவன் கைக்கெட்ட வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மணந்தான் பிழையாக இருந்தது.

கடற்கரையில் பிறந்தவளுக்குக் கடல் மணம் தெரியாதா? உப்பு இல்லை. பாசி இல்லை. இது மண். தோண்டின மண்ணும், துருவும், ஊறின கம்பளியும். அவள் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. நீண்ட தூரம் நடந்து வந்தவன், சேறு பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். அப்போது அந்தக் கை சாசரிலிருந்து பனங்கட்டியை எடுத்தது. எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அதைத் தேத்தண்ணிக்குள் போட்டு, கரண்டியால் கலக்கத் தொடங்கியது.

பஸ்ரியன் ஒருநாளும் பனங்கட்டியைக் கலக்கிக் குடித்ததில்லை.

முன்னறைக்கு வெளியே, நடையில் இருந்த ரெலிபோன் அடித்தது. அவள் கத்தியே விட்டாள். ஓடிப்போய்த் தூக்கினாள். நடையில் நின்றால் மேசை தெரியும். அந்த முதுகும் தெரியும்.

"அக்கா, நான் றொய்சன். ஜேர்மனியில இருந்து." சித்தப்பாவின் மகன். "முதல்ல இருங்கோ. இருந்திட்டியளே?"

"என்னெண்டு சொல்லு."

"பஸ்ரியன் வந்திட்டான், அக்கா! எங்கட வீட்டில நிக்கிறான். ஏஜென்சிக்காரன் றஷ்யாவில விட்டிட்டு ஓடிட்டானாம். இவ்வளவு நாளும் அங்க மறியல் கம்பிக்குள்ள கிடந்திருக்கிறான். இப்பதான் கொண்டுவந்து விட்டவங்கள். இந்தா, குடுக்கிறன்."

அவள் சுவரைப் பிடித்தாள்.

"அக்கா."

"தம்பி..."

"அழாதையுங்கோ. நான் சாகேல்லை. மெலிஞ்சு போனன், அவ்வளவுதான்."

அந்தக் குரல். காது வழியாக இறங்கி நெஞ்சுக்குள் போய் நிறைந்த அந்தக் குரல். அவள் அழுதபடியே சிரித்தாள், சிரித்தபடியே கண்ணை உயர்த்தினாள், முன்னறையில் நீலச் சேட் இன்னும் இருந்தது. கரண்டி இன்னும் சுற்றியது. டிங். டிங். டிங்.

"தம்பி, நீ பிளேன்ரீ எப்பிடிக் குடிப்பாய்? சொல்லு. கெதியாச் சொல்லு."

"உது என்ன கேள்வி, அக்கா?" அவன் சிரித்தான். "பனங்கட்டியைக் கடவாய்ப் பல்லுக்க அடக்கி வைச்சுக்கொண்டு, சத்தம் வர உறிஞ்சுவன். மாடு தண்ணி குடிக்கிற மாதிரி எண்டு நீங்கள் ஏசுவியள்."

கரண்டி நின்றது.

அது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காது மட்டும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு இரண்டு விரல்கள் தேத்தண்ணிக்குள் இறங்கின. கரைந்தது போக மீதிப் பனங்கட்டியை எடுத்தன. வாய்க்குள் வைத்தன. கடக்கென்று ஒரு சத்தம். பிறகு நீளமாக ஒரு உறிஞ்சல். மாடு தண்ணி குடிக்கிற மாதிரி.

"அக்கா, அங்க ஆர்?" என்றான் பஸ்ரியன். "ஆரோ உறிஞ்சிற சத்தம் கேக்குது."

"ஒருத்தரும் இல்லை. நீ கதை. நிப்பாட்டாமல் கதை. பனங்கட்டியை என்ன செய்வாய் எண்டு திருப்பிச் சொல்லு."

"என்னத்தை?"

"பனங்கட்டி!"

"அது... அது என்ன சாமான், அக்கா?"

"தம்பி, விளையாடாதை. அம்மான்ர பேர் சொல்லு."

"அம்மான்ர பேர்." மூச்சு. "அம்மான்ர பேர் வந்து..."

"றோசலின்," என்றது முன்னறை.

தம்பியின் குரல். அச்சுப் பிசகாமல். றிசீவரில் வெறும் இரைச்சல்.

இடம் இருந்தால் வந்து இருப்பார்கள். அவள் இடம் போட்டாள். செத்தவர்களின் கதவில் நின்று, உயிரோடு இருக்கிறவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். றிசீவரை அப்படியே தொங்க விட்டுவிட்டு ஓடினாள். கதிரைகளை இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. சுவரிலிருந்த படத்தைப் பிடுங்கி நேரே திருப்பினாள். "இருங்கோ," என்றாள். "மூண்டு பேரும் வந்து இருங்கோ. தெரியாமல் செய்திட்டன். என்ர தம்பியை விடுங்கோ." திரியை ஊதினாள். சுடர் வளைந்தது. நிமிர்ந்தது. மறுபடி ஊதினாள். நிமிர்ந்தது. கையால் பொத்தினாள். தோல் கருகிய மணம். கையை எடுத்தாள். எரிந்தது.

திறந்த கதவு நிலையில் இரண்டு பேர் நின்றார்கள். தொப்பியிலிருந்து சேறு வழிந்தது. இழுத்துப் போட்ட கதிரைகளை அவர்கள் பார்க்கவே இல்லை. நீலச் சேட்டைப் பார்த்தார்கள். அதன் கையில் ஆவி பறக்கிற கோப்பையைப் பார்த்தார்கள். திரியில் சாய்ந்திருந்த சின்னப் படத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். காலை முழுக்க அவளும் அப்படித்தான் பார்த்தவள். அவனுக்கு மட்டும் ஏன்?

நடையில் றிசீவர் சுருள் வயரில் தொங்கிச் சுற்றியது. அதற்குள்ளிருந்து றொய்சன் கத்துவது கேட்டது. "அக்கா! இவனுக்கு என்ன செய்யுது? கால் முழுக்கச் சேறு! வீட்டுக்குள்ள நிண்டவன், அக்கா! எங்கால இந்தச் சேறு? டேய், பஸ்ரியன், என்னைப் பாரடா!"

அதற்குப் பிறகு வேறொரு குரல். பல்லுக் கிட்டுகிற குளிரில் நடுங்குகிற ஒரு பொடியனின் குரல். அவளுக்குத் தெரியாத மொழி. அதில் ஒரு சொல் மட்டும் விளங்கியது.

"நோரா..."

நீலச் சேட் திரும்பியது. பஸ்ரியனின் நெற்றி. பஸ்ரியனின் மூக்கு. கன்னத்தில் சேறு காய்ந்து, உதிர்ந்து, கீழே அவனுடைய மாநிறம் வந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றது, வாய்க்குள் பனங்கட்டியை ஒதுக்கியபடி. "குளிர் அடிக்குது. கதவைச் சாத்துங்கோ. அவங்கள் வெளியில நிக்கட்டும்."

வாசலில் நின்ற இரண்டு பேரும் இப்போது அதைப் பார்க்கவில்லை. மாடிப்படிச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே யேசுரட்ணமும் அவளும் மாலையோடு நிற்கிற கலியாணப் படம். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். மற்றவன் வாயைத் திறந்து, இன்னும் சரியாக வராத நாக்கால், மெல்ல மெல்ல, அவளுடைய பெயரைச் சொல்லிப் பழகத் தொடங்கினான்.